பாக்கி இல்லாத ரசீது

என் கணவர் கிளாரினெட் வாசிப்பவர். மதுரையில் கீழவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அவரோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட பேண்டு செட் ஒன்று வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா ஊர்வலம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போவார்கள். வாசிப்பு அவர் வேலை. பேசி முடித்துப் பணம் வாங்குவது என் வேலை. அது எப்படி என் கைக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் பணம் பேசுவதும் அவர் வேலையாகத்தான் இருந்தது. அவருக்கு வாய் வராது. "விசேஷம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வருவார். முடிந்த பிறகு யாரும் கண்ணில் படமாட்டார்கள். ஒருமுறை அழகர்கோவிலில் ஒரு பெரிய வீட்டுக் காதுகுத்து. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊதினார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொடுத்து, "பணத்தை நாளைக்கு ஆள் மூலமா அனுப்புறோம்" என்று வண்டி ஏறிவிட்டார்கள். ஆறு பேரும் வாத்தியத்தைச் சுமந்துகொண்டு நடந்தே மதுரைக்கு வந்தார்கள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். அந்த ஐந்து பேருக்கும் கூலி கொடுக்க என் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தேன். ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரமே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்திருந்தேன், கையெழுத்தும் நன்றாக இருக்கும். பக்கத்துத் தெரு அச்சகத்தில் ரசீதுப் புத்தகம் அடித்துக்கொண்டு வந்தேன். ரசீதின் கீழே நான்கு விதிகள். பேசும்போதே பாதிப்பணம் முன்பணமாகத் தர வேண்டும். மீதியை விசேஷ வீட்டு வாசலில், வாத்தியத்தை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் தர வேண்டும். விசேஷ வீட்டார் தேதியை மாற்றினால் முன்பணம் திரும்பாது. செட்டு மதுரையை விட்டுப் புறப்பட்ட பிறகு விசேஷ வீட்டார் நிறுத்தினால் பாதிக்கூலி பிடித்துக்கொள்ளப்படும்.

இவருக்கு அது பிடிக்கவில்லை. "வாசல்ல நின்னு காசக் குடுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"நீங்க கேக்க வேணாம். ரசீதக் காட்டுங்க, போதும்" என்றேன்.

விதி வேலை செய்தது. முகம் சுளித்தவர்கள்கூடப் பணத்தைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் தோட்டை மீட்டேன். புதிதாக ஒரு பெரிய டிரம் வாங்கினோம். "அந்தம்மாகிட்ட ஒரு பைசா நிக்காது" என்று பெயர் வந்தது. அதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் ஒன்று. தை மாதம், வெயில் ஏறின நேரம். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அப்பாவும் மகனும். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற வழியில் ஒரு கிராமம் சொன்னார்கள். அப்பா அங்கே கூலி வேலை செய்கிறவர். ஊர் விசேஷங்களுக்குக் கொட்டடிப்பதும் அவர் குடும்பத்தின் வேலை. மகன் மதுரையில் ஒரு மில்லில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சேரிக்காரர்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், நான் கேட்பதற்கு முன்னால். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. வாசற்படியில் நின்றபடியேதான் பேச்சு.

"மகளுக்குக் கல்யாணம் தாயி. செட்டு வேணும்" என்றார் அப்பா.

பதினெட்டு ரூபாய் என்றேன். ஒன்பது இப்போது கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன். அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்துப் படியில் வைத்தார். பதினெட்டும் இருந்தது.

"முழுசையும் வாங்கிக்கங்க தாயி. பாக்கி இருந்தா வராமப் போயிருவாகளோன்னு பயமா இருக்கு."

"பேசினா வந்துருவாங்க. எதுக்குப் பயம்?"

அவர் சிரித்தார். "எங்க தெருவுக்குள்ள இதுவரைக்கும் ஒரு செட்டும் வந்ததில்ல. ஊரு விசேஷத்துக்கெல்லாம் நாங்கதான் கொட்டடிக்கோம். எங்க வீட்டு விசேஷத்துக்கும் நாங்களேதான். இந்த ஒரு தடவ நாங்க சும்மா உக்காந்து கேக்கணும். யாராச்சும் எங்களுக்கு வாசிக்கணும். அம்புட்டுத்தான் ஆச."

மகன் கையை நீட்டினான். ரசீதை வாங்கி அடியிலிருந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்த ரசீதில் 'பாக்கி' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தேன். முழுப்பணமும் முன்னால் வந்தது அதுவே முதல் தடவை. ஏன் முழுசாகக் கொடுக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இப்படி எல்லாரும் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலை பஸ்ஸில் செட்டு புறப்பட்டது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலையில் தாலி கட்டு. மறுநாள் மாலைதான் திரும்புவார்கள் என்று நான் இருந்தேன். புறப்பட்ட அன்றே, விளக்கு வைக்கிற நேரத்தில் இவர் வாசலில் வந்து நின்றார். கோட்டு மடித்தபடி கையில் இருந்தது. கிளாரினெட் பெட்டியின் கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை.

"என்ன, கல்யாணம் நின்னு போச்சா?" என்றேன்.

"இல்ல. நாங்கதான் போகல."

உசிலம்பட்டியில் இறங்கி மாட்டு வண்டி பிடித்துப் போயிருக்கிறார்கள். ஊருக்குச் சற்று முன்னால் கண்மாய்க் கரையில் நாலைந்து பேர் நின்றிருக்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, வைது பேசவும் இல்லை. பெரியவர் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து வெற்றிலைத் தட்டை நீட்டினாராம்.

"வாங்கண்ணே. மாசியில நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கதானே வாரீக? இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வீட்டுலயும் உங்களத்தான் பேசியிருக்காக. இன்னைக்கு அங்க போயி ஊதிட்டு, அப்புறம் எங்க வாசல்ல எப்படிண்ணே ஊதுவீக?"

அவ்வளவுதான் பேச்சு. இவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"வேற யாரும் சொல்லல. நான்தான் திருப்பச் சொன்னேன்" என்றார் என்னிடம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த வீட்டுக்கு ஆள் மூலமாகவாவது சொல்லி அனுப்பினீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் அவர்கள் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் கேட்ட முதல் கேள்வி வேறு.

"அப்ப அந்தப் பதினெட்டு ரூவா?"

அவர் உள்ளே போனார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு பேருக்குப் பஸ் சார்ஜ், வண்டி வாடகை, ஐந்து பேருக்கு ஒருநாள் கூலி. எங்கள்மேல் தப்பில்லை, வழியில் மறித்துவிட்டார்கள், செட்டு புறப்பட்ட பிறகு நின்றுபோனதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது ரூபாயை ஒரு துணியில் முடிந்து வைத்தேன். பாதியாவது திருப்பிக் கொடுக்கிறேனே என்று ஒரு திருப்திகூட இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் அப்பாவும் மகனும் வந்தார்கள். இவர் உள்ளறையில் இருந்தார். வெளியே வரவில்லை. நான் முடிச்சை எடுத்துப் படியில் வைத்து, நாலாவது விதியைச் சொன்னேன்.

மகன் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்தான். "அம்மா, இதுல 'விசேஷ வீட்டார் நிறுத்தினால்'னு போட்டிருக்கு. நாங்க நிறுத்தலையே."

"நாங்களும் நிறுத்தலப்பா. செட்டு கண்மாய்க் கரை வரைக்கும் வந்துச்சு. அங்க மறிச்சுட்டாங்க."

"யாரு மறிச்சது?"

நான் முடிச்சை அவர்கள் பக்கமாக நகர்த்தினேன்.

"பணம் முழுசும் நீங்களே வச்சுக்கங்கம்மா. எனக்கு ஒரு காசு வேணாம். யாரு மறிச்சாங்க, என்ன சொன்னாங்கன்னு இந்த ரசீதுக்குப் பின்னால ரெண்டு வரி எழுதி, பேண்டு மாஸ்டரக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தாசில்தாருக்கு மனு எழுதி வச்சிருக்கேன். வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்தா நம்புவாங்க."

குரலை உயர்த்தாமல் கேட்டான். கையில் பென்சில்கூடக் கொண்டுவந்திருந்தான். உள்ளறையில் இவர் இருமும் சத்தம் கேட்டது. இப்போது எழுந்து வந்துவிடுவார், வந்து போட்டுவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. மாசிக் கல்யாணம் மூன்றும் என் கண்முன்னால் நின்றன.

"அதெல்லாம் எங்களால முடியாது. நாங்க நாலு ஊருக்குப் போயிப் பொழைக்கிறவங்க" என்றேன்.

மகன் பென்சிலையும் ரசீதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அப்பா குனிந்து முடிச்சை எடுத்தார்.

"விடுங்கப்பா, அது வேணாம்" என்றான் மகன்.

"கடன் வாங்குன காசுடா" என்றார் அப்பா. பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்: "வந்துருவாக வந்துருவாகன்னு இருந்தோம் தாயி. அழைப்பு சத்தமில்லாமலே நடந்துச்சு. விடிஞ்சு தாலி கட்டுற நேரமும் வந்துருச்சு. கொட்டுச் சத்தமில்லாம எப்படித் தாலி கட்டுறதுன்னு பொம்பளையாளுக அழுதாக. அப்புறம் நானே எடுத்துக் கொட்டிட்டேன். மக கல்யாணத்துக்கு நானே கொட்டிட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். ஏதோ தன்னுடைய தப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இருவரும் சந்து திரும்பும்வரை படியிலேயே நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

மாசியில் மூன்று கல்யாணத்துக்கும் செட்டு போனது. விதிப்படி பணம் வந்தது. ஆனால் இவர் மாறிப்போனார். வாசிப்பில் குறையில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் மட்டும் வாத்தியத்தை எடுப்பதே இல்லை. முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மாவாவது ஒரு பாட்டு ஊதுவார், சந்துக் குழந்தைகள் வாசலில் வந்து நிற்கும். அது நின்றுபோனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்:

"அவன் கையெழுத்துக் கேட்டப்ப நீ முடியாதுன்னது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. உன்மேல பழியப் போட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன்."

"நீங்க வந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்" என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ரசீதுப் புத்தகம் தீர்ந்து மறுபடி அச்சடிக்கப் போனபோது ஐந்தாவதாக ஒரு விதி சேர்த்தேன். செட்டு எந்தக் காரணத்தால் வராமல் போனாலும் முழுப்பணமும் திருப்பித் தரப்படும் என்று. இவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். அன்றே மிச்ச ஒன்பது ரூபாயை அந்த ஊருக்கு மணியார்டர் செய்தேன். பழைய ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் பெயரும் ஊரும் இருந்தன. பத்து நாளில் பணம் திரும்பி வந்தது. ஆள் ஊரில் இல்லை என்று எழுதியிருந்தது.

மகன் எந்த மில் என்று நான் கேட்டு வைக்கவில்லை. சண்டை தொடங்கி இரண்டு மூன்று வருஷம் கழித்து, பெரிய டிரம் அடிப்பவரின் மைத்துனன் மூலமாகத் தகவல் கிடைத்தது. ஒருநாள் ஷிப்டு விடுகிற நேரம் பார்த்து மில் வாசலுக்குப் போனேன். அவன்தான் முதலில் என்னை அடையாளம் கண்டான். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது, ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஒன்பது ரூபாயை நீட்டினேன். வாங்க மாட்டான் என்று நினைத்துப் பேச்செல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் வாங்கிக்கொண்டான்.

"அப்பாவுக்கு அனுப்பிருவேன். கம்பத்துப் பக்கம் மலைத் தோட்டத்துல வேல பாக்குறாரு. அந்தக் கல்யாணத்துக்கப்புறம் ஊருக்குள்ள எங்க ஆளுக்கு யாரும் வேல குடுக்கல. செட்டு பேசுனதுதான் குத்தம். வந்துச்சா வரலையான்னு யாரும் பாக்கல."

"தாசில்தாருக்கு மனு?"

"குடுத்தேன். சாட்சி யாருன்னு கேட்டாங்க."

நான் அங்கேயே, ரோட்டோரத்தில் வைத்து, "இப்ப எழுதித் தாரேம்ப்பா. மாஸ்டரும் போடுறேன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"இப்ப எதுக்கும்மா?" என்றான். ஏளனமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு, போவதற்கு முன், "செட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. நீ எப்பச் சொன்னாலும் வரும். காசே வேணாம்."

"காசு குடுத்துத்தான் கூப்புடுவேன்" என்றான். "பாப்போம்."

அவன் கூப்பிடவில்லை. வேறு செட்டைக் கூப்பிட்டானோ, யாரையுமே கூப்பிடவில்லையோ, தெரியாது. அன்று மில் வாசலில் வெகுநேரம் நின்றேன். பணத்தைப் பற்றிப் பேசினேன், மனுவைப் பற்றிப் பேசினேன். அந்தக் கல்யாணப் பெண் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.