மாமா கோட்டையைத் தாக்க மாட்டேங்கிறார்

இடஒதுக்கீடு மறியல்னால இன்னிக்கு சின்னசேலத்துல பஸ் ஓடல. அக்கா வூட்டுக்காரர் எங்க வூட்லயே மாட்டிக்கினார்.

சரின்னு, நான் செஞ்சிக்கினு இருக்குற கோட்டைப் போர் விளையாட்டை விரிச்சேன்.

போன தடவை மாமா எல்லா வீரனையும் நேரா மதில்லயே மோதவிட்டார். "அந்தக் காலத்துல எவனும் இப்டி சண்ட போடல மாமா"ன்னேன். "உன் ரூல்ல தடுக்கலயே மச்சான்"னார்.

அதனால இன்னிக்கு ஒரு விதி சேர்த்தேன். எந்தப் படைக்கு அரிசி வண்டி வர்ற பாதை அடைபடுதோ, அதுல ஆள் கொறைஞ்சிக்கினே போவும்.

உடனே மாமா கோட்டைக்கு வர்ற பாதையெல்லாம் மறிச்சிக்கினு உக்காந்துட்டார். மூணு மணி நேரமா ஒரு அடி நகரல.

"இன்னா மாமா, தாக்குங்க!"

"எதுக்கு? முற்றுகை மாசக்கணக்குல நடக்கும்னு நீதான சொன்ன? உள்ள இருக்குறவன் பசி தாங்காம வரட்டும்."

உள்ள இருக்குறவன் நான்தான்.

வரலாறு அச்சு அசலா வந்துடுச்சு, ஆட்டம்தான் முடியல. முற்றுகையை உடைக்க ஒரு விதி இருந்தா கமெண்ட்ல போடுங்க, மாமா பாக்குறதுக்குள்ள.