றெஜினாவின் திரையை மூடியவர்

"மரியதாஸ் சேர் மோசம் போயிட்டார். நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். நல்லதாய் எழுதுங்கோ" என்று கந்தோரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். ஓம் என்றேன். ஆனால் அவரிடம் வேலை செய்த உங்களுக்கு நான் பொய் எழுத முடியாது. அவரை எனக்குப் பிடிக்காது. இறந்த பிறகும் பிடிக்கவில்லை.

மன்னார் நகரில் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பதியும் எங்கள் கந்தோருக்கு அவர் கணினிப் பொறுப்பாளராக வந்தார். அப்போது கணினிகள் அடிக்கடி உறைந்து நின்றன. கதிரையை விட்டு எழும்பாமல் ஒரு ஸ்கிரிப்ட், சின்னக் கணினி நிரல், எழுதினார். வலையமைப்பிலுள்ள கணினிகளையெல்லாம் அது சுற்றிவந்து, எதில் எந்த புரோகிராம் ஓடுகிறது என்று அவருடைய திரைக்குச் சொன்னது. களவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வைரஸை அதுதான் காட்டிக்கொடுத்தது. அன்று எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு அவர் கணினிகளை விட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார். யாராவது கணினியில் பாட்டுக் கேட்டால் பெயரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வார். "என்ன ஓடுது எண்டு எனக்குத் தெரியும். ஏன் ஓடுது எண்டு எனக்குத் தேவையில்லை" என்பார், பெருமையோடு.

தாழ்வுபாடு என்ற கரையோரக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த றெஜினாவை நினைத்துப் பாருங்கள். காற்று எழும்பிய ஒரு காலை, அவளுடைய அப்பாவின் படகு கரைக்கு வந்திருக்கவில்லை. கைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், தங்கை அனுப்பும் செய்திகளைக் கணினியிலேயே திறந்து வைத்திருந்தாள். "அப்பாவின்ட படகை" என்ற சொற்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே செய்திப் பக்கம் மறைந்தது. திரும்பத் திறந்தாள். திரும்ப மறைந்தது. ஸ்கிரிப்டில் புதிதாகச் சேர்த்த ஒரு கட்டளையால் மரியதாஸ் தன் இடத்திலிருந்தே அதை மூடிக்கொண்டிருந்தார்.

நான் எழும்பினேன். "சேர், அவவின்ட அப்பா கடலில. ஒருக்கா விடுங்கோ."

"கடலுக்குப் போனவை வருவினம். நீங்கள் இருங்கோ."

றெஜினா கைப்பையையும் எடுக்காமல் சைக்கிளில் வெளிக்கிட்டாள். இயந்திரம் பழுதான படகு வங்காலைக் கரையில் ஒதுங்கியிருந்தது. அப்பா சுகமாக இருந்தார். அவள் படிக்க முடியாமற்போன செய்தி அதுதான். "வீடு போய்ச் சேருமட்டும் அப்பாவின்ட சவத்தைச் சுமந்துகொண்டு போனமாதிரி இருந்ததடி" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் வந்தபோது கடவுச்சொல் வேலை செய்யவில்லை. வேலை போய்விட்டதை மரியதாஸ் அவளுக்கு அறிவித்த விதம் அதுதான்.

அடக்கத்துக்கு றெஜினாவும் வந்திருந்தாள். தேவாலயத்தில் எல்லோரும் "கட்டுப்பாடான மனிசன்" என்றார்கள். அவள் இருந்த கடைசி வாங்கில் நானும் போய் இருந்தேன்.

"நீ ஏன் வந்தனீ?" என்று கேட்டேன்.

"ஆள் உண்மையாவே போயிட்டாரோ எண்டு பாக்க வந்தனான்."

மரியதாஸ் ஓய்வுபெற்றபோதே கணினிப் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. ஸ்கிரிப்டில் எங்கள் பெயர்கள் இருந்த வரிகளையும், தூர இருந்து மூடும் கட்டளையையும் அழித்துவிட்டேன். மிச்சம் இன்றும் ஓடுகிறது. எந்தக் கணினி திணறுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பிழையில்லாத வேலை, மறுக்க மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான். மலரில் போட மனமில்லையென்றால் போடாமல் விடுங்கள். வேறு மாதிரி எழுதித் தர என்னால் முடியாது.