முப்பதில் நின்ற எண்

இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது. மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு ஆரம்பித்து, இரண்டு பதினேழுக்கு முடிந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று என் அண்ணன் போட்டிருந்த சட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதன் வலது கையை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவள். பத்து வருஷமாகச் சால்டரிங் புகைதான் எனக்கு மூச்சு. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல எர்த் கனெக்‌ஷனைப் பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். அந்தத் திமிரெல்லாம் அன்றோடு போயிற்று.

அண்ணன் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிறான். ஒரு ரீம் பேப்பரை ஒரே வீச்சில் துண்டாக்கும் பிளேடு. அதை இயக்குவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை அது உயிர் வராமல் படுத்துவிட்டது. திங்கள் காலை மெஷின் ஓடியாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனான். அச்சகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கம்ப்யூட்டர் ஒரு சின்ன அறையில், மெஷின் கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில்.

உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் கண் விழிப்பது பயாஸ் என்ற குட்டி சிப். போர்டின் மேல் ஓடும் செம்புக் கோடுகளுக்கு பஸ் என்று பெயர். ஏறி உட்கார முடியாத பஸ். பயாஸ் அந்தக் கோடுகள் வழியாக ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிடும். மெமரி இருக்கியா? டிஸ்க் இருக்கியா? வகுப்பில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரிதான். எந்த இடத்தில் தகராறு என்று பார்க்க நாங்கள் ஒரு டீபக் கார்டைச் சொருகுவோம். அதில் இரண்டு இலக்க எண் ஓடும். இந்த மெஷினில் 31 வந்தால் பிளேடை இயக்கும் கார்டின் முறை. கூப்பிட்டதும் பிளேடு ஒரு தடவை அடிவரை இறங்கி ஏறும். 'உள்ளேன் ஐயா' என்று அது சொல்லும் விதம் அதுதான்.

கோளாறு சிப்பில் என்று கண்டுபிடித்தேன். பவரை அணைத்துவிட்டு அதைக் கழற்றி, கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்தேன். டீச்சர் இல்லாத வகுப்பு. இனி அந்தப் போர்டு வெறும் தகரம்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"வாலு, சும்மாதானே நிக்கிறேன். பிளேடுக்கு அடியில தூசி தட்டவா? மெயினை ஆஃப் பண்ணணுமா?"

மெஷினின் மெயின் சுவிட்ச் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

"எதுக்கு? சிப்பையே கழட்டிட்டேன். அது எப்படி இறங்கும்? தைரியமா கையை விடுண்ணா."

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

சர்... சர்... பிரஷ் சத்தம் ஆரம்பித்தது.

காலி சாக்கெட்டுக்கு வோல்டேஜ் சரியாக வருகிறதா என்று அளக்க, கம்ப்யூட்டருக்கு மட்டும் பவர் கொடுத்தேன். டீபக் கார்டில் இரண்டு கோடுகள் தெரிந்தன. சிப் இல்லாத போர்டில் அதற்கு மேல் எதுவும் வராது.

கோடுகள் மறைந்தன.

01... 02... 03...

கார்டு பழசு, உளறுகிறது என்று நினைத்தேன். எண் பாட்டுக்கு ஏறியது. 28... 29... 30.

நின்றது. மறுபடி இரண்டு கோடுகள். பிரஷ் சத்தமும் நின்றிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண் எங்கே நின்றாலும் நேரத்தோடு எழுதி வைப்பது என் வேலைப் பழக்கம். நோட்டில் குறித்தேன். 30, மணி 2:06.

கொஞ்ச நேரத்தில் மறுபடி... சர்... சர்...

01... 02...

இந்தத் தடவை மெதுவாக. யாரோ விரல் விட்டு எண்ணுவது போல. 30-இல் நின்றது. மணி 2:11.

கார்டை மாற்றிவிடலாம் என்று சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் உருவித் தரையில் போட்டேன். பையிலிருந்து புதுக் கார்டை எடுத்துச் சொருகினேன்.

சர்... சர்...

புதுக் கார்டு எரிந்தது.

பிளக்கைப் பார்த்தேன். தரையில்தான் கிடந்தது. சிப்பைப் பார்த்தேன். ஸ்பாஞ்சில்தான் இருந்தது.

01.

அட்டெண்டன்ஸ் எடுப்பது... யார்?

12... 13...

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சத்தம். டிக்... டிக்...

அப்போதுதான் உறைத்தது. மெஷினுக்குக் கரண்ட் தனி லைன். மெயின் ஆனில் இருக்கிறது. அண்ணனின் கை...

28.

"அண்ணா! கையை எடு!"

29.

"என்னது?"

30.

"கையை எடுடா!"

31.

தடால்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே வைத்து விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான். பத்தும் இருந்தன. பிரஷ் இரண்டு துண்டாகக் கிடந்தது. சட்டையின் வலது கைப்பட்டி பொத்தானோடு பிளேடுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. மணி 2:17.

மெயினை அணைத்துவிட்டு, பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடி வந்தோம். கையில் நோட்டு மட்டும் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அண்ணி அவனை வறுத்தெடுத்தாள்.

"ரெண்டு தடவை போன் பண்ணேன். ரெண்டு தடவையும் 'வேலையா இருக்கேன்'னு கட் பண்ணிட்டே. அப்படி என்ன வேலை?"

"பிளேடுக்கு அடியில கை இருக்கும்போது கூப்பிட்டா? கையை வெளிய எடுத்துத்தானே போனை எடுக்கணும்?"

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். "அண்ணி, போனைக் காட்டுங்க."

2:06. 2:11.

நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். எண் முப்பதில் நின்றது கோளாறால் இல்லை. அண்ணன் கை வெளியே வந்ததால் நின்றிருக்கிறது. கை உள்ளே போனதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறது.

"மூணாவது தடவை நீங்க கூப்பிடலையா அண்ணி?"

"கூப்பிடலாம்னு போனைக் கையில எடுத்தேன். திடீர்னு பின்னாடி யாரோ, 'வேண்டாம், வேலையா இருக்கான்'னு சொன்ன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்ல. சரின்னு வெச்சிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டேகால் தாண்டியிருக்கும்."