வில்லரா ரோட்டில் ஏறிய ஆள்

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. 2002 மே 16, வியாழக்கிழமை எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது மெல்பனில் இருந்து நாலு மணித்தியால ஓட்டத்தில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வேலை. சுற்றியிருக்கும் ஊர்களுக்குப் போய் ஃப்ளூ ஊசியும் போடவேண்டும். அன்றைக்கு வில்லரா. மரமே இல்லாத கோதுமை வெளி. ஒரு தெரு, ஒரு மண்டபம். மொத்தச் சனம் முப்பத்தேழு பேர். மண்டபத்துக்குப் பொறுப்பான மார்கரெட், எழுபது வயது வெள்ளைக்காரி, பெயர்ப் பட்டியலைத் தந்தார்.

பின்னேரம் 4.40. முப்பத்தேழு பேருக்கும் ஊசி போட்டு முடிந்தது. சாமான்களை எடுத்துவைக்கும்போதுதான் கண்டேன். கதவோரக் கதிரையில் ஒரு கிழவர். வெளியே நல்ல மழை. அவருடைய கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

யாரும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. அதுவரை கலகலவென்று கதைத்தவர்கள், எல்லாரும் தங்கள் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலிலும் அவர் இல்லை. இந்த மனுஷனை ஊரே ஒதுக்கி வைத்திருக்கிறது என்று சந்தேகப்பட்டேன். கோபம் வந்தது.

"எங்க இருக்கிறீங்கள்?" என்று அவரைக் கேட்டேன்.

"ரோட்டால போனால் வரும்."

"நான் கொண்டுபோய் விடுறன்."

மார்கரெட் என் கையைப் பிடித்தார். "ஏத்தாதை, பிள்ளை."

"ஏன்?"

"சொன்னால் நம்பமாட்டாய்."

"வயசான ஆளை இப்பிடியா நடத்துறது?" கையை உதறினேன். திரும்பினால்... கதிரையில் யாரும் இல்லை.

5.10. காரிடம் போனேன். முன் சீட்டில் அவர் இருந்தார். காரைப் பூட்டியதாகத்தான் ஞாபகம். மறந்திருப்பேன் என்று மனதைச் சமாளித்துக்கொண்டு ஓட்டினேன்.

5.15. வீடு ஒன்றும் வரவில்லை.

5.20. வேலிகூட இல்லை. காருக்குள் ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்டது. என்னுடையது.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு காரின் இரண்டு லைட். நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது...

"இதில நிப்பாட்டு," என்றார்.

நிப்பாட்டினேன். வெறும் வயல்.

"இங்க வீடு இல்லையே?"

"இருக்கு. இறங்கி வா."

என் கை கதவைத் திறக்கப் போனது. நான் திறக்க நினைக்கவில்லை. அது தானாகப் போனது...

பாஆஆம்...

பின்னால் ஹோர்ன். விடாமல்.

கை நின்றது.

பக்கத்தில் பார்த்தேன். சீட் வெறுமை. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

மழைக்குள் ஓடிவந்தது மார்கரெட். மூச்சு வாங்கியது.

"இறங்கச் சொன்னவரா?"

"ஓம்."

"இறங்கினனியா?"

"இல்லை."

"அப்ப போ. நிப்பாட்டாதை."

5.24. எப்படி ஓட்டி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த கிழமை, அந்த ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக இருக்கும் டொக்டர் சிறியிடம் இதைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார்.

பிறகு சொன்னார். 1993இல் வில்லராவுக்கு ஊசி போடப் போன ஒரு நர்ஸ், யாரோ கிழவரை ஏற்றிக்கொண்டு போனாவாம். அடுத்த நாள் காலை அவவின் கார் வயலோரம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு நாலும் உள்ளே இருந்து பூட்டியிருந்தன. ஓட்டுகிறவரின் சீட் பெல்ட்கூட மாட்டியபடியே இருந்தது.

அதற்குள் ஆள்தான் இல்லை.