யூஜினி அக்காவின் கையெழுத்து

ஸ்காபரோ பலசரக்குக் கடையில் எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் யூஜினி அக்கா, கிளிநொச்சியில் இயக்கத்தின் வங்கியில் எட்டு வருடம் காசாளராக இருந்தவர். கடைசிச் சண்டையோடு வங்கியும் போனது, அது நின்ற நாடும் போனது. அவருக்கு மிஞ்சியது காசு எண்ணும் வேகமும் அந்தச் சின்னக் கையெழுத்தும்தான்.

"கொடி இருந்தது, தேசியப் பூ இருந்தது, பொலிஸ், கோர்ட் எல்லாம் இருந்தது. காசு மட்டும் கொழும்புக் காசு. சிங்கம் போட்ட நோட்டைத்தான் நாள் முழுக்க எண்ணினனான்" என்பார். உள்ளதைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது.

போன கார்த்திகையில் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து கீதன் கடைக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை, வன்னியைப் படத்தில் மட்டும் பார்த்தவன். மாவீரர் வாரக் கண்காட்சிக்கு என்று வெள்ளைத் தாளில் அக்காவின் கையெழுத்தை வாங்கினான். "நீங்கள் லிவிங் ஹிஸ்ரறி, அன்ரி" என்றான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைச் சொன்னார்.

கண்காட்சிக்கு நானும் கூடப் போனேன். நடு மேசையில் கட்டுக்கட்டாக ஆயிரம் ரூபா நோட்டுகள். தலைவரின் படம், செண்பகப் பறவை, வாகை மரம், கார்த்திகைப்பூ. 'அன்று புழங்கிய நம் நாணயம், பத்து டொலர்' என்று பலகை. ஒவ்வொரு நோட்டின் அடியிலும் அக்காவின் கையெழுத்து. இல்லாத நோட்டுக்கு இருக்கிற மனுசியின் கையெழுத்து! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தம்பி, உப்பிடி ஒரு நோட்டு இருந்ததே இல்லை" என்றார் அக்கா.

"சும்மா சிம்பொலிக், அன்ரி. சனத்துக்குப் பெருமையா இருக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?"

அமிர்தநாதருக்குத் தெரியும். எண்பது வயது. மீன் விற்ற காசையெல்லாம் அந்த வங்கியில் போட்டு, ஒரு சதமும் திரும்பக் காணாதவர். ஆனாலும் அக்காவை ஒருநாளும் குறை சொன்னதில்லை. வங்கிப் புத்தகத்தை இன்றும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அன்று அவரும் ஒரு நோட்டை வாங்கி, அதையும் புத்தகத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் உன்ர கையெழுத்து. நோட்டுப் பொய்யெண்டால் என்ர புத்தகமும் பொய்யோ, பிள்ளை?"

அக்காவின் முகம் கறுத்துப்போனது. பலகை எழுதிய மார்க்கரை எடுத்தார். வங்கியில் பிழையான பற்றுச்சீட்டை அடிக்கிற அதே முறை: கையெழுத்தின் மேல் சரிவாக இரண்டு கோடு, நடுவில் 'இரத்து'. முதலில் கிழவரின் நோட்டு. பிறகு கட்டுகள். கீதன் பாய்ந்து வந்தான். நான் குறுக்கே நின்றேன்.

"எங்கட சனத்தை அவமானப்படுத்துறீங்கள்!" என்று யாரோ கத்தினார்கள். அவமானமாம்! பொய்யை அச்சடித்து விற்றபோது எங்கே போயிருந்தது அந்த மானம்? அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இருநூறு நோட்டையும் அடித்து முடித்தார்.

அமிர்தநாதர் புத்தகத்தை நீட்டினார். "இதையும் அடிச்சுவிடு, பிள்ளை. எப்பிடியும் வராத காசுதானே."

அக்கா மார்க்கரை மூடினார்.

"ஏலாது, அண்ணை. நீங்கள் தந்தனீங்கள், நான் எண்ணி வாங்கினனான். உது நடந்தது."