நூறு நாளில் ஒரு கோட்டை

இரண்டாயிரமாவது வருடத்தை ஒட்டிய மழைக்காலம் அது. மலைமேல் செம்மேட்டில் என் வீட்டு முன்னறைகளில் மூன்று பேர் குடியிருந்தார்கள்: சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் குமாஸ்தா, ஒரு வாத்தியார், ஒரு கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு வாயாலேயே ராஜ்ஜியம் ஆள வேண்டும். வாத்தியார் கதையைச் சொல்லி நடத்துவார். சந்தேகம் வந்தால் பலாக்கொட்டை அளவில் இருபது முகமுள்ள கட்டையை உருட்டுவார்கள். சட்டமெல்லாம் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

குமாஸ்தாதான் ராஜா. ஒரு வருடமாக அந்த ராஜாவைச் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அந்த வாரம், நூறு நாளில் அரக்கர் படை வருகிறது என்று வாத்தியார் அறிவித்தார். அதற்குள் கோட்டை எழும்ப வேண்டும், இல்லையென்றால் ராஜா பிழைக்க மாட்டார். கம்பவுண்டருக்கு அன்று ஆஸ்பத்திரியில் டூட்டி. கோட்டை கட்டும் மேஸ்திரி வேடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவது? மலைப்பாதையில் எழுபது வளைவு ஏற்றி லாரியில் செங்கல் கொண்டுவந்து, மூன்று வருடம் கூடவே நின்று அவர்கள் குடியிருந்த வீட்டைக் கட்டியவள் நான்.

"நாப்பது ஆள் வெச்சா எம்பது நாளுங்கம்மா. எம்பது ஆள் வெச்சா நாப்பதே நாளு. புத்தகத்துல போட்டிருக்குதுங்க" என்றார் வாத்தியார்.

"அப்ப நாடு பூரா ஆள் விட்டா காப்பி ஆறதுக்குள்ள முடிஞ்சிருமா, சாமி?"

குமாஸ்தா சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

கதையில் என்ன மாதம் என்று கேட்டேன். வாத்தியார் வெளியே மழையைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல், "ஆடி ஒண்ணுங்க" என்றார்.

"ஆடியில எவன் கடைக்கால் தோண்டுவான்? ஆவணி பொறக்கட்டும்."

"ஏனுங்கம்மா, அரக்கனுக்கு ஆடி உண்டுங்களா?" என்று குமாஸ்தா பதறினார்.

"அவன் இடிக்க வாரான், கண்ணு. இடிக்கறதுக்கு நாள் எதுக்கு? கட்டறதுக்குத்தான் பாக்கோணும்."

அங்கே ஒரு மாதம் போயிற்று. கடைக்கால் இறுக வேண்டும் என்றேன். மண் நனைந்து கிடக்கும்போது மலையில் கல் இறக்க வண்டி ஏறாது என்றேன். சாமை அறுப்பு வந்தால் ஓர் ஆளும் வேலைக்கு நிற்க மாட்டான் என்றேன். ஒவ்வொன்றுக்கும் வாத்தியார் தலையை ஆட்டி, புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். குடியிருப்பவர் வீட்டுக்காரியிடம் எவ்வளவுதான் வாதாட முடியும்?

"கட்டையை உருட்டியாவது பாருங்கம்மா!" என்று குமாஸ்தா கெஞ்சினார்.

"சுண்ணாம்பு காயறதுக்குக் கட்டை உருட்டறதா?"

நூறாம் நாள் மதில் முழங்கால் உயரம் இருந்தது. அரக்கர்கள் அதைத் தாண்டி உள்ளே வந்தார்கள், அவ்வளவுதான். ராஜா செத்தார். குமாஸ்தா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அவருடைய காப்பி அப்படியே இருந்தது.

"இவ்வளவு பேர் ஏறி மிதிச்சும் சுவத்துல ஒரு கீறல் இல்லீங்கம்மா" என்றார் வாத்தியார். நல்ல வேலைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் குமாஸ்தா நாலு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்னதெல்லாம் சரியாகச் சொன்னவளுக்கு இதுதான் மரியாதை.

அடுத்த ஞாயிறு அவரே வந்து வாசலில் நின்றார்.

"புதுசா ஒரு ராஜா எடுத்திருக்கறனுங்க. தங்க எடமில்லை. ஆனா கல்லுக்கட்டடம் மட்டும் வேண்டாமுங்க."

"மூங்கில் தட்டி, மேல புல்லு. ரெண்டு நாள் வேலை, சாமி."

வாத்தியார் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மூங்கில் வீட்டுக்கு அதில் சட்டமே இல்லை.

"பென்சிலை எடுங்க" என்றேன்.