பார்க்கிங்கில் நெல்

பைபாஸ் ஓரத்து எங்கள் தஞ்சாவூர் ஆபீஸில் இன்று மதியம் லண்டன் கிளையண்டோடு வீடியோ மீட்டிங். புது ப்ராஜெக்ட் கிடைக்குமா என்பது இதில்தான் முடிவாகும்.

மேனேஜர் சார் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "யாரும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது."

பாதி மீட்டிங்கில் இடி இடித்தது.

கூட வேலை பார்க்கும் கவிதா பதறிப்போய் ஜன்னலைப் பார்த்தாள். அவள் வீட்டார் விற்ற வயலில்தான் ஆபீஸே நிற்கிறது. மிச்ச வயலில் அறுத்த நெல் எங்கள் கார் பார்க்கிங்கில் காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் எழுந்து ஓடியது மேனேஜர் சார்தான். "தார்ப்பாயை எடுங்கப்பா!"

நெல்லைக் கூட்டிக் குவித்து மூடிவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பினோம். திரையில் கிளையண்ட் அம்மா காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"நெல் நனையலையே?" என்றார் அந்த அம்மா. "லண்டனுக்கு வெளியே எங்க ஆபீஸும் கோதுமை வயலா இருந்த இடத்துலதான் நிக்குது."

ப்ராஜெக்ட் எங்களுக்குத்தான்!

நெல்லுக்கு இடம் விட்ட என் கார் மட்டும் இன்னும் ரோட்டில் நனைகிறது. உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் என்ன காய்கிறது?